வாங்கியனவும் ஆடியனவும்

விளையாட்டென்பது மக்கட்கு இயல்பாக அமைந்ததொன்று. குழவி மொழி பயிலுமுன்னரே விளையாடப் பயில்கின்றது. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி முதலியன நம் இல்லங்களில் நெடுங்காலம் வழங்கி வந்தன. இக்காலத்து இளைஞரிடையே அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் கைக்கொண்டது கணினியாட்டமேயாம். வீடியோ கேம் என யாவரும் வழங்கும் அதனைப் பற்றி இச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் எழுதுதல் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். விடுதியறைகளில் நள்ளிரவு வரை நிகழ்வதொன்றனைக் குறித்து நம் சஞ்சிகை வாய் திறவாதிருப்பின், மாணவர் வாழ்க்கையின் ஒரு பகுதியை அது காணாது விட்டதாகும். ஆதலின் எழுதத் துணிந்தோம்.

இவ்வாட்டங்களைப் பற்றிப் பேசுவோர் இரு சாரார். காலமும் கண்ணும் கெடுமென்று அனைத்தையும் ஒருங்கே விலக்குவர் பெரியோர். புதியது வெளிவந்ததென்று கேட்ட அளவிலே அனைத்தையும் ஒருங்கே கொள்வர் இளையோர். இவ்விரு சாராரும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றனர். ஆட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, இதன்கண் உள்ளது யாது, இஃது ஆடுவோனிடம் வேண்டுவது யாது என்று ஆராய்வார் அவருள் அரியர். நூல்களெல்லாம் நல்லவென்றாவது தீயவென்றாவது கூறுவாரை நாம் அறிவுடையோர் என மதிப்பதில்லை. ஆட்டங்களுக்கும் அம்முறையே பொருந்தும். ஆகவே, அண்மைக் காலத்தே யாமும் எம் அறைத் தோழரும் வாங்கி ஆடியவற்றுள் நான்கினை எடுத்து, எமக்குத் தோன்றியவற்றை முதற்கண் கூறுவோம். பின்னர், வாங்குதல் என்னும் செயலைப் பற்றியே சில கூறுவோம்.

ஒன்று முன்னரே சொல்லுதல் வேண்டும். பணம் வைத்து ஆடுவன ஈண்டு எம் பொருளல்ல. வள்ளுவர் சூதிற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். நம் நாட்டுப் பாராளுமன்றமும் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இணையவழிப் பணவாட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. யாம் கூறப் புகுவன, ஒரு முறை விலை கொடுத்து வாங்கி, பொழுதுபோக்கவும் சிந்திக்கவும் ஆடப்படுவனவேயாம்.

முதலாவது டெட்ரிஸ். இதனை அறியாதார் இலர். மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கி, வரிசை நிரம்பினால் அது மறையக் காண்பதே ஆட்டம். நான்கு சதுரங்களால் ஆகிய வடிவங்கள் ஏழே அதன் கருவிகள். மாஸ்கோ நகரில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்திற் பணியாற்றிய அலெக்ஸி பஜிட்னவ் என்பார் 1984-ஆம் ஆண்டில் இதனை இயற்றினார். அவர் பயன்படுத்திய எலெக்ட்ரானிகா 60 என்னும் கணினி படம் வரைய வல்லதன்று; எழுத்துக் குறிகளைக் கொண்டே அவர் கட்டங்களை அமைத்தார். கருவியின் வறுமை கலைக்குத் தடையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இன்று பெரும்பொருட் செலவில் உண்மைப் புல்லினும் பசிய புல்லைக் காட்டும் ஆட்டங்களை யாம் கண்டுள்ளோம். அவற்றுட் பல ஒரு வாரத்தில் நெஞ்சை விட்டு அகன்றன. டெட்ரிஸோ நாற்பது ஆண்டு கடந்தும் அகலவில்லை.

இவ்வாட்டத்துக்கு முடிவு கிடையாது. ஆடுவோனுக்கே முடிவு உண்டு. வேகம் மிகுந்துகொண்டே போக, எவ்வளவு வல்லவனும் ஒருநாள் தோற்பான். ஆயினும் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டுச் சிறுவன் ஒருவன், தன் 13-ஆம் வயதில், நின்டெண்டோ கம்பெனியார் 1989-இல் வெளியிட்ட டெட்ரிஸை 157-ஆம் படி வரை ஆடி, மேலே இயங்கமாட்டாது நிற்கும்படி செய்துவிட்டான். முப்பத்து நான்கு ஆண்டுகளாக மனிதர் எவரும் காணாத எல்லை அது. தோல்வி உறுதியென்று அறிந்தும் ஒரு வரிசை கூடுதலாக அடுக்க முயலும் ஊக்கமே இவ்வாட்டத்தின் சுவை என்று யாம் கருதுகின்றோம். தேர்வுக் காலத்தில் இதனைத் தொடுதல் கூடாதென்பதும் எம் கருத்தே. ஐந்து நிமிடம் என்று தொடங்கி ஐந்து நிமிடத்தில் எழுந்தாரை யாம் இன்னும் கண்டிலோம்.

இரண்டாவது பேப்பர்ஸ், ப்ளீஸ் என்பது. லூக்கஸ் போப் என்னும் அமெரிக்கர், ஜப்பானில் வாழ்ந்த காலத்தில், ஏறக்குறையத் தனியொருவராக இயற்றி 2013-இல் வெளியிட்டார். ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் ஆடுவோன் ஒரு சிற்றதிகாரி. ஆண்டு 1982. வரிசையில் வருவோர் தம் பாஸ்போர்ட்டையும் பிற தாள்களையும் நீட்டுவர். பெயர், ஊர், நாள், முத்திரை, முகம் ஆகியவற்றை ஒப்பிட்டு நோக்கி, அனுமதிக்கவோ மறுக்கவோ முத்திரை குத்துதல் வேண்டும். பிழையின்றி முடித்த ஆள் ஒன்றுக்கு 5 கிரெடிட் கூலி. நாளொன்றுக்கு இரு பிழை வரை எச்சரிக்கை, அதன்மேல் அபராதம். மாலையில் அக்கூலியைக் கொண்டு வாடகை, உணவு, குளிர் காய்தல், மருந்து ஆகியவற்றுக்குப் பகிர்தல் வேண்டும். போதாவிடின் வீட்டில் ஒருவர் பசித்திருப்பர், அல்லது நோயுறுவர்.

ஒருநாள் ஒரு முதியவர் செம்மையான தாள்களோடு வருகின்றார். உள்ளே செல்லுமுன், பின்னால் வருபவள் என் மனைவி, அவளிடம் பரிவு காட்டுங்கள் என வேண்டுகின்றார். அவளிடமோ வேண்டிய தாள் ஒன்று இல்லை. யாம் அவளை உள்ளே விடுத்து எச்சரிக்கையை ஏற்றோம். எம் அறைத் தோழர் ஒருவர் அவளைத் திருப்பிவிட்டார். அன்றைக்குரிய இரண்டு எச்சரிக்கையும் அவருக்கு முன்னரே தீர்ந்திருந்தன, ஆட்டத்தில் அவர்தம் மகன் நோயுற்றுக் கிடந்தான். எங்களுள் எவர் செய்தது நேரியது? அன்றிரவு விளக்கணைத்த பின்னும் அவ்வாதம் ஓயவில்லை. யாம் பரிவு காட்டியது எமக்குச் செலவின்றிக் காட்டிய பரிவு என்று அவர் கூறியதற்கு எம்மிடம் தக்க விடை இருந்ததில்லை.

ஈண்டு ஆட்டத்தின் தனித்தன்மை விளங்குகின்றது. கொடிய சட்டத்துக்கு உட்பட்ட சிற்றதிகாரியைப் பற்றிக் கதை எழுதலாம், நாடகம் நடிக்கலாம். அவற்றைக் கற்போன் அவனைப் பழித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவான். இவ்வாட்டத்திலோ பழிக்கப்படுவோன் தானேயாகின்றான். அலுவலகங்களில் வரிசையில் நின்று தாள் நீட்டுவோராகவே நம்மிற் பலர் இருந்து அறிந்துள்ளோம். சன்னலுக்கு அப்பால் இருப்பவன் முகம் ஏன் அவ்வாறு இறுகியதென்று ஒரு மாலைப்பொழுதேனும் எம்மைச் சிந்திக்க வைத்தது இதுவே.

மூன்றாவது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்பார் நாடகக் கொட்டகையொன்றில் வாயிற்பணி செய்துகொண்டே, சித்திரமும் இசையும் கதையும் கணினி வேலையும் ஆகிய யாவற்றையும் ஒருவராகவே நான்கரை ஆண்டு உழைத்து முடித்து, 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2024-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அது 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. பெருங் கம்பெனியொன்றில் எழுத்தராயிருந்து சலித்த ஒருவன், பாட்டனார் விட்டுச் சென்ற கொல்லைக்குத் திரும்பிப் பயிர் செய்வதே கதை. கல்லும் களையும் மண்டிய நிலமும், ஊர்த் தலைவர் அளித்த 15 விதைகளுமே அவன் முதற் பொருள். பருவம் நான்கு, பருவம் ஒன்றுக்கு 28 நாள், ஆட்டத்தின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். விதைத்தல், நீர் பாய்ச்சுதல், ஊராரோடு பழகுதல் என்று நாட்கள் இனிதே கழியும். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திற் பாட்டனார் ஆவி தோன்றி, நீ எவ்வாறு வாழ்ந்தாய் என மதிப்பிடும்.

எம் தந்தையார் நெற்பயிர் செய்பவர். விடுமுறையில் யாம் இதனை ஆடிக்கொண்டிருக்கையில் அருகமர்ந்து சிறிது நேரம் பார்த்தார். "விற்கிற விலை என்றைக்கும் இதேதானா? இறங்காதா?" என்று வினவினார். "இறங்காது, அப்பா" என்றோம். "அப்படியானால் இது விளையாட்டுத்தான்" என்று கூறி எழுந்து சென்றார். அவர் கூறியது முற்றும் உண்மை. ஸ்டார்டியூவில் மழை பெய்தால் நீர் பாய்ச்சும் வேலை மிச்சம். வெள்ளம் வந்து பயிர் அழுகுவதில்லை. கடன்காரன் வாயிலில் வந்து நிற்பதில்லை. விளைந்ததை இரவு பெட்டியில் இட்டால் காலையில் பணம் வந்துவிடும். உழவை அறியாதார் உழவின் மீது கொண்ட காதலே இவ்வாட்டம் என்று ஒருவர் கூறின் யாம் மறுக்க இயலாது.

ஆயினும், அதனை இகழவும் எமக்கு மனம் வரவில்லை. என்னை? செய்த உழைப்புக்குத் தவறாது பயன் கிட்டும் ஓர் உலகத்தை மக்கள் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகின்றனர் எனின், தம் உலகத்தில் அது கிட்டவில்லை என்பதன்றோ பொருள்? சென்னையிலோ டோக்கியோவிலோ அலுவலகம் விட்டு வந்து, இல்லாத கொல்லைக்கு நீர் பாய்ச்சுவோனை நோக்கி நகைத்தல் எளிது. அவன் எதற்கு ஏங்குகின்றான் என்று நோக்குதல் அரிது. அவ்வேக்கத்தைக் காட்டிய அளவில் இவ்வாட்டம் மெய்யே பேசுகின்றது.

நான்காவது, தமிழ் மாணவராகிய நாம் தவறவிடலாகாதது. வெண்பா என்பது அதன் பெயர். கனடா நாட்டு டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் வெளியிட்டனர். யாப்பிலக்கண வகுப்பில் மாணவரை நடுங்கவைக்கும் அப்பெயர் ஈண்டு ஒரு தாயின் பெயர். கணவர் பாவலன், மகன் கவின். 1988-ஆம் ஆண்டில் கனடாவிற் குடியேறிய இக்குடும்பத்தின் கதை, சமையல் வழியே சொல்லப்படுகின்றது. தாய் வழியே வந்த சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் உள்ளது. மறைந்த வரிகளில் இருந்தது யாதென்று ஊகித்துச் சமைத்தலே ஆடுவோன் வேலை. முதற்கண் இட்டலி. தட்டுக்களை எவ்வாறு அடுக்கினால் ஆவி ஒழுங்காக ஏறும் என்று சிந்தித்தல் வேண்டும். விடுதியில் மாவின் புளிப்பைக் குறை கூறியே பழகிய எங்களுள், இட்டலித் தட்டின் துளைகளைப் பற்றி அன்றுவரை எண்ணினார் ஒருவரும் இலர்.

சமைக்கும்போது வானொலியிற் பாட்டு ஒலிக்கின்றது. அப்பாட்டுக்கள் தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலத்து நடையைத் தழுவி இவ்வாட்டத்துக்கென்றே இயற்றப்பட்டவை. பெற்றோர் தமிழிற் பேச, வளரும் மகன் ஆங்கிலத்தில் விடை கூறுகின்றான். அவனுக்கு வீட்டுணவு நாணம் தருவதாகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, வைத்த உணவு உண்பாரின்றி ஆறுகின்றது. கனடாவிற்கே உரிய துயரம் இஃதென்று நினைத்தல் வேண்டா. அயலூரில் விடுதியில் வாழும் மாணவன் எவனும், வீட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குத் தான் எத்தனை சொற்களில் விடை தருகின்றான் என்று எண்ணிப் பார்ப்பானாக.

குறையும் உண்டு. கதை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றது. பாவலனைப் பற்றி இன்னும் அறிய அவாவினோம். சமையலிற் பிழைத்தால் மீண்டும் தொடங்கலாமாதலின், பிழைத்தோம் என்னும் அச்சம் எழுவதில்லை. எனினும், 2024-ஆம் ஆண்டில் தற்சார்பு ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எப். விழாவின் தலைப் பரிசும், இங்கிலாந்தின் பாப்டா விருதுகளில் முதற்படைப்புக்கான பரிசும் இதற்கே கிடைத்தன. இட்டலி இன்னதென்று உலகத்தார்க்கு அடிக்குறிப்பிட்டு விளக்கித் தாழாமல், தம் வீட்டை வீடாகவே காட்டி இப்பெருமை எய்தினமை நமக்கு ஊக்கம் தருவது.

இந்நான்கும் தம்முள் வேறுபட்டவை. ஆயினும், ஒன்றில் ஒக்கும். ஒருவரோ சிலரோ தம் மனத்தில் உள்ளதைச் சொல்ல விரும்பி இயற்றியவை இவை. வாங்கிய பின்னர் மீண்டும் மீண்டும் பணம் கேட்டு இவை நம் முன் கை நீட்டுவதில்லை. இன்று பெரும்பொருள் ஈட்டும் ஆட்டங்கள் சில இவ்வாறல்ல. ஆட்டத்தினுள்ளே மூடிய பெட்டியொன்றை விற்பர்; உள்ளிருப்பது யாதென்று வாங்கித் திறந்தாலன்றித் தெரியாது. நல்லது கிட்டும் வரை வாங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையத்தார் 2018-ஆம் ஆண்டில் இத்தகைய பெட்டிகள் சிலவற்றை ஆராய்ந்து, இவை சூதேயாமென முடிவு செய்தனர். ஆட்டத்தின் பெயரால் சூது வீட்டினுள் நுழைவதைப் பெரியோர் அஞ்சுவாராயின், அவ்வச்சம் நியாயமானதே. அஞ்ச வேண்டுவது எதனை, அஞ்ச வேண்டாதது எதனை என்று பிரித்தறிய வேண்டுமென்பதே எம் வேண்டுகோள்.

இது நிற்க. இனி வாங்குதலைப் பற்றிக் கூறுவோம். ஸ்டீம் என்னும் இணையக் கடையிற் பருவந்தோறும் தள்ளுபடி விற்பனை நடக்கும். அக்காலத்து விடுதியில் எழும் ஆரவாரம் பெரிது. நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கின்றதே என்று, ஆட வேண்டுமென்னும் எண்ணமே இல்லாதவற்றையும் வாங்கிக் குவிப்பர். எம் அறையினர் நால்வருடைய பட்டியலையும் ஒருநாள் ஒருங்கு வைத்து நோக்கினோம். வாங்கியவற்றுட் பாதிக்கும் குறைந்தவையே ஒரு முறையேனும் திறக்கப்பட்டிருந்தன. முடித்தவை மிகச் சில. வாசிக்காத நூல்களால் அலமாரியை நிரப்புவோனைப் போல, வாங்கிய அளவிலேயே துய்த்ததாக மனம் நிறைவெய்திவிடுகின்றது. கடைக்காரன் விற்பது அந்நிறைவையே என்று தோன்றுகின்றது.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. வாங்கினோம் என்று நாம் நினைப்பது உண்மையில் வாங்குதலன்று. ஆடுவதற்கு அளிக்கப்படும் அனுமதியே அது. சட்டத்தார் அதனை உரிமம் என்பர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தார் 2024-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினர். பறிக்கப்படக்கூடிய உரிமத்தை விற்கும் இணையக் கடைக்காரர், அஃது உரிமமே என்பதைத் தெளிவுறக் கூறாமல் 'வாங்குக' என்னும் சொல்லை வழங்கலாகாது என்பது அதன் கருத்து. 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டம் எழவேண்டிய நிலை வந்தமை, சொல்லாராய்ச்சி பயிலும் நமக்குச் சிந்தனை தரத்தக்கது.

சட்டம் எழுந்தமைக்குக் காரணமும் இருந்தது. யூபிசாப்ட் கம்பெனியார் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்னும் கார்ப்பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் நிறுத்திவிட்டனர். தனியே ஆடுதற்கும் அந்தச் சர்வர் தொடர்பு வேண்டியிருந்தமையால், விலை கொடுத்தார் அனைவர் கையிலும் அவ்வாட்டம் ஒரே நாளில் இறந்தது. இத்தகைய செயலைத் தடுக்க வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியத்தாரிடம் முறையிட எழுந்த விண்ணப்பத்தில், 2025-ஆம் ஆண்டு ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். டெட்ரிஸை இயற்றிய பஜிட்னவ் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சோவியத் முறைப்படி ஆட்டத்தின் உரிமை அரசாங்கத்திடம் இருந்தமையால், 1996 வரை அவர் தம் படைப்பிலிருந்து உரிய பங்கு பெற்றிலர். இயற்றினோனுக்கும் உரிமையில்லை, வாங்கினோனுக்கும் உரிமையில்லை எனின், உரிமை யாரிடம் உள்ளதென்று கேட்பது நம் கடமையாம்.

கம்பெனியார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சர்வர்களை நடத்தப் பொருள் வேண்டும். ஆடுவோர் அருகிய பின்னும் என்றென்றைக்கும் நடத்துக என்று வற்புறுத்தல் முறையன்று. யாம் கேட்பது அதுவன்று. மூடுங்கால், வாங்கினோர் தம் கணினியில் தாமே ஆடிக்கொள்ளத்தக்க வடிவமொன்றை விட்டுச் செல்லலாமன்றோ? புத்தகக் கடை மூடப்பட்டால், நாம் வாங்கிய புத்தகத்தைக் கடைக்காரன் வீடு புகுந்து எடுத்துச் செல்வதில்லை. ஜி.ஓ.ஜி. என்னும் கடையார் 2008 முதல் பூட்டில்லாத ஆட்டங்களை விற்று வருகின்றனர். இறக்கி வைத்துக்கொண்டால் கடையின் துணையின்றியும் ஆடலாம். ஆகவே, இயலாததொன்றை யாம் வேண்டினோமல்லோம்.

அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் வரலாற்று நிறுவனத்தார் 2023-ஆம் ஆண்டில் ஆராய்ந்து கூறிய கணக்கொன்று உண்டு. 2010-ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை. இதனைக் கேட்டபோது எமக்கு ஏட்டுச் சுவடிகளே நினைவுக்கு வந்தன. செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் அழிந்தன போக எஞ்சியவற்றைத் தாமோதரம் பிள்ளையவர்களும் சாமிநாதையரவர்களும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்திராவிடில், இன்று நாம் பாடம் கேட்கும் நூல்களுட் பல பெயரளவாகவே நின்றிருக்கும். சீவக சிந்தாமணி அச்சேறியது 1887-இல். கணினியாட்டத்தைச் சிந்தாமணியோடு ஒப்பிட்டோமென்று எவரும் சினவற்க. காக்கத்தக்கது எது, கழிக்கத்தக்கது எது என்பதைப் பின்வருவோரே அறிவர். அவர் அறிதற்கு முதற்கண் பொருள் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதொன்றே எம் கருத்து.

உரிமை கேட்கும் நமக்குக் கடமையும் உண்டு. ஸ்டீம் கடையின் விதிப்படி, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணிக்குக் குறைவாக ஆடியிருப்பின் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஏமாற்றப்பட்டோரைக் காக்க எழுந்த நல்விதி அது. ஆயினும், வெண்பாவைப் போன்ற சிற்றாட்டத்தை முழுதும் ஆடி மகிழ்ந்து, கண் துடைத்துக்கொண்டே பணத்தைத் திரும்பக் கேட்பார் உளர். அறுத்த கதிருக்குக் கூலி கொடாமை போன்றது அது. சிலர் விலையே கொடாமல் திருட்டுப் படிகளை ஆடுவர். பெருங் கம்பெனியார்க்கு அதனால் என்ன நட்டம் என்பர். மூவர் நால்வர் கூடி நான்காண்டு உழைத்த சிற்றாட்டத்துக்கும் அவர் அதனையே செய்கின்றனர். நல்லன தோன்றவில்லை என்று பின்னர்ப் புலம்புவோரும் இவரே.

முடிவாக மாணவ நண்பர்களுக்குச் சில கூறுவோம். விலை குறைந்ததென்று வாங்காதீர். ஆட விரும்பின் வாங்குக. ஒன்றை முடித்த பின்னரே மற்றொன்றைத் தொடங்குக. கடையிற் பூட்டில்லாத படி கிடைக்குமாயின் அதனையே கொள்க. சிறியோர் இயற்றியவற்றுக்கு உரிய விலை கொடுக்க. முடித்தவற்றைப் பற்றித் தமிழில் எழுதுக. நூல்களுக்கு மதிப்புரை எழுதும் நம் மொழியில் இவ்வாட்டங்களுக்கு மதிப்புரைகள் மிகக் குறைவு. நம் தமிழ்ப் பேரவையாரும் பருவத்துக்கு ஒரு கூட்டத்தை இதற்கென ஒதுக்கலாம். ஆசிரியப் பெருமக்கள் அக்கூட்டத்துக்கு வருகை தந்து, எல்லைச் சாவடியில் அம்முதியவள் தாளின்றி நிற்கும்போது தாம் எம்முத்திரையைக் குத்துவார்களென்று எங்கட்குக் கூறுவாராயின், பெரிதும் மகிழ்வோம்.

பட்டியலில் உள்ளன யாவும் நம்முடையனவல்ல. அவற்றை அளித்தோர் நாளையே பறித்துக்கொள்ளவும் கூடும். ஆடி முடித்து, தோழரோடு வாதிட்டு, நம் அறிவிலும் நடையிலும் ஏதேனும் ஒரு மாற்றத்தை விட்டுச் சென்ற ஆட்டமே நம்முடையது. அதனை எந்தச் சர்வரை நிறுத்தியும் எவரும் எடுத்துச் செல்லல் இயலாது.